பதினொரு மணிச் சாவி

கழிவறைச் சாவி
காசாளர் மேசைப் பக்கத்து ஆணியில் தொங்கும்,
தொலையாமல் இருக்க
சேலைப் பெட்டி அட்டை ஒன்றைக் கட்டி.
எடுப்பவள் பெயர், போன நேரம், வந்த நேரம்
கொப்பியில் எழுத வேண்டும்.
மாதத்தில் நாலு நாள்
என் பெயர் அந்தப் பக்கத்தை நிறைக்கும்.
ஐயம்பெருமாள் ஒன்றும் சொல்ல மாட்டார்.
பேனையை மட்டும் மேசையில் தட்டுவார்.

பேட் விலை ஏறிய வருடம்
நாங்கள் பழந்துணிக்குத் திரும்பினோம்.
புறக்கோட்டையில் சேலைக் கடை வேலை,
துண்டுத் துணிக்குப் பஞ்சமா?

கொட்டாஞ்சேனை போடிங் அறையில் நாங்கள் நாலு பேர்.
ரொசலின்தான் கொண்டுவந்தாள்,
அவள் கூட்டித் துடைக்கும் கிளினிக்கில்
ஒரு மிஸ் கொடுத்ததாம்.
இளநீலம். சின்ன வால்.
கட்டிலில் வைத்துவிட்டுச் சுற்றி நின்றோம்,
பாம்பு புகுந்த வீட்டு ஆட்கள் போல.

"மேலே ஏறி நெஞ்சுக்குப் போனால்?"
இது மூதூர் பர்வீன்.
"கட்டாத பிள்ளைகள் போடலாமா?
நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால்
இந்தக் கப்பில் அடித்துச் சத்தியம் பண்ணவா?"
இது புஷ்பகாந்தி.
சிரித்து முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
"நாள் முழுக்கச் சேலை மடிக்கிறவள் நீ.
இதையும் நீயே மடி."

மூன்று மாதம் மைலோ டின்னுக்குள் கிடந்தது.
நாலாம் மாதம் தீபாவளி வியாபாரம்.

விடிய நாலு மணி, குழாயில் தண்ணீர் வரும் நேரம்.
முதல் தடவை
கையிலிருந்து துள்ளி வாளிக்குப் பின்னால் ஓடியது.
இரண்டாம் தடவை அழுகை வந்தது.
பிறகு குந்தியிருந்து
மூச்சை விட்டேன்.
அதற்கு ஓர் இடம் இருந்தது.

எனக்கு இருபத்தாறு வயது.
அந்த இடத்தை
ஊரே காவல் காத்துக்கொண்டிருந்தது.
நான்தான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

இரவு எடுத்தேன்.
உள்ளே அளவுக் கோடுகள், மருந்துப் போத்தல் மாதிரி.
வாளி வாளியாய்ப் போவதாக நினைத்திருந்தேன்.
இவ்வளவுதான்,
பிளேன்டீ கோப்பையின் அடிகூட நனையாது.
நாற்றமும் இல்லை.
அக்கரப்பத்தனையில்
அம்மா பறித்த கொழுந்தை வேறு யாரோ நிறுப்பார்கள்,
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
இதை நான் நிறுத்தேன்.
கழிக்க ஒருவரும் இல்லை.

கொதிக்க வைத்த சட்டியை
வீட்டுக்கார மேபல் அக்கா திறந்துவிட்டாள்.
"இதென்ன?"
"சூப்பி அக்கா, எங்கள் அண்ணன் பிள்ளைக்கு" என்றாள் ரொசலின்.
அக்கா மூடினாள்.
மறுபடி திறந்தாள்.
"இன்னும் ரெண்டு நிமிசம் கொதிக்கட்டும்."

அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
நிறைய நேரம் ஒரு சத்தமும் இல்லை.
"மலையில நிக்கிறப்போ கை கழுவத் தண்ணி?"
என்று கேட்டாள்.
"ஒதுங்கத் தேயிலைச் செடி இருக்கு.
தண்ணி?"
என்னிடம் பதில் இல்லை.
இன்னும் இல்லை.

இப்போது முதலாளிக்கு நான் நல்ல பிள்ளை.
பன்னிரண்டு மணித்தியாலம் அசையாமல் நிற்பேன்.
கொப்பியில் என் பெயர் குறைந்ததைக் கண்டு
ஐயம்பெருமாள்,
"என்ன பிள்ளை, வருத்தமெல்லாம் சுகமோ?" என்றார்.
பேனையைத் தட்டவில்லை.
அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் பதினொரு மணிக்கு நடந்து போகிறேன்.
சாவியைக் கேட்கிறேன்.
முழுப்பெயரும் எழுதுகிறேன்.
உள்ளே தாழ்ப்பாள் போட்டு
மூடிய கொமட்டின் மேல் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றி
பாதம் இரண்டையும் குளிர்ந்த தரையில் வைக்கிறேன்.
வேறொன்றும் செய்வதில்லை.

வெளியே யாரோ சேலையை உதறி விரிக்கிறார்கள்.

வந்த நேரம்: பதினொன்று பத்து.